அங்க அடையாளங்கள்: இரண்டு

குளித்துவிட்டு வந்தவரின் முதுகைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்த மனைவி, வலது தோளுக்குப் பின்னால் வந்ததும் கையை நிறுத்தினாள்.

"என்னங்க, இது எப்பலேர்ந்து? மிளகு அளவுல ஒரு மச்சம்."

எழுத்தர் சிரித்தார். முப்பது வருஷமாகப் பார்க்கிற முதுகை இன்றைக்குத்தான் கண்ணைத் திறந்து பார்த்தாயா என்று கேலி செய்தார். அவள் சிரிக்கவில்லை. நேற்றுவரை இங்கே எதுவும் கிடையாது, எனக்குத் தெரியாதா என்றாள். விரல் நுனியை எச்சிலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தாள், போகவில்லை. வயசானால் இதெல்லாம் வரும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு துண்டை உதறிக் காயப்போடப் போய்விட்டாள். எழுத்தருக்கு அதற்குள் சிரிப்பு நின்றுபோயிருந்தது. 'வலது தோளின் பின்புறம் மிளகளவு கறுப்பு மச்சம்.' அந்த வரியை அவர் தன் கையாலேயே முந்நூறு தடவைக்கு மேல் எழுதியிருக்கிறார்.

அவருக்கு அரசு மருத்துவமனையின் பிணவறையில் வேலை. உள்ளே அல்ல, அதற்கு முன்னால் இருக்கிற சின்ன அறையில். ஒரு மேசை, ஒரு இரும்பு அலமாரி, சுவரை ஒட்டி ஒரு நீள பெஞ்சு, உள்ளே போகிற கதவு. கதவுக்கு அந்தப் பக்கம் குளிர்பெட்டிகளின் இயந்திரம் ஓயாமல் உறுமிக்கொண்டிருக்கும். மருந்து நெடிக்கு அடியில் ஒரு வாடை, சோறு சாப்பிடும்போதும் மூக்கை விட்டுப் போகாத வாடை, சட்டையோடு வீடுவரைக்கும் வரும். பேர் தெரியாத உடலைப் போலீஸ் கொண்டுவந்து இறக்கினால் அதற்கு ஒரு படிவம் உண்டு. உயரம், வயது, உடுத்தியிருந்தது, கடைசியாக அங்க அடையாளங்கள் இரண்டு. எழுத்தர் உள்ளே போய்த் தன் கண்ணால் பார்த்து எழுத வேண்டும் என்பது விதி. காணாமல் போனவர்களைத் தேடி வருகிறவர்களுக்கு அந்தக் கடைசி வரிதான் எல்லாம். முகம் பல சமயம் மிஞ்சுவதில்லை.

சேர்ந்த முதல் வாரம் ஒழுங்காகத்தான் உள்ளே போனார். கிணற்றில் பத்து நாள் கிடந்த ஒருவரின் கையைத் திருப்பிப் பார்த்தபோது தோல் கையுறை போலக் கழன்று அவர் கையோடு வந்துவிட்டது. வாசலுக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தார். அதற்குப் பிறகு நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. உள்ளே வேலை பார்க்கிறவர் சாவிக்காரர். இடுப்பில் எப்போதும் சாவிக்கொத்து தொங்குவதால் வந்த பேர். உள்ளே இருக்கிறவங்க யாரும் ஓடிப்போகப் போறதில்ல, ஆனாலும் பூட்டச் சொல்றாங்க என்று புதிதாக வருகிற போலீஸ்காரர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவர் உள்ளேயிருந்து சத்தம் போட்டுச் சொல்வார்: ஆம்பளை, நாப்பது இருக்கும், கட்டம் போட்ட சட்டை. எழுத்தர் எழுதிக்கொள்வார். அடையாளத்துக்குச் சாவிக்காரர் மெனக்கெட மாட்டார், எழுத்தரும் கேட்க மாட்டார். ஆனால் அந்தக் கட்டம் காலியாக இருந்தால் மேலிடத்திலிருந்து படிவம் திரும்பி வந்துவிடும். அதற்காக அவர் இரண்டு வரி கண்டுபிடித்து வைத்திருந்தார். ஒன்று மச்சம். இன்னொன்று, இடது முழங்காலுக்குக் கீழே பழைய வெட்டுத் தழும்பு. இருபத்தாறு வருஷம், ஆணுக்கும் பெண்ணுக்கும், கிழவருக்கும் பிள்ளைக்கும் அதே இரண்டு. ஒருத்தரும் கேட்டதில்லை.

மச்சம் வந்த மூன்றாம் நாள், சாக்ஸ் போடும்போது முழங்காலுக்குக் கீழே தழும்பைப் பார்த்தார். பழைய தழும்பு, வழவழப்பாக, சின்ன வயசிலேயே பட்டது போல. எழுத்தருக்கு அங்கே எப்போதுமே அடிபட்டதில்லை.

அன்றைக்குத்தான் ஒரு பெண் போலீஸ் அதிகாரி வந்தார். துப்புக் கிடைக்காமல் போன பழைய கொலைகளைத் திரும்ப எடுத்துப் பார்க்கப் புதிதாக ஒரு பிரிவு தொடங்கியிருந்தார்களாம். அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு காலையிலிருந்து படிவங்களின் தலைப்பை மட்டும் பார்த்துப் புரட்டினார். பொழுது சாயும் நேரத்துக்குக் கொலை என்று குறித்திருந்த பதினான்கு தாள்களை மேசைமேல் வரிசையாகப் பரப்பினார். பதினான்கு பேருக்கும் அதே மச்சம், அதே தழும்பு. கொன்றவன் ஒரே ஆள், செத்தவர்களின் உடம்பில் அவனே இப்படி ஒரு அடையாளம் வைத்துவிட்டுப் போயிருக்கிறான் என்று நினைத்தார் பாவம். எழுத்தரின் காதுமடல் சுட்டது. அப்போதே சொல்லியிருக்கலாம். இரண்டே வார்த்தை, நான் பார்க்கவில்லை என்று.

"எனக்கும் அப்பவே சந்தேகம் வந்துச்சு மேடம்" என்றார்.

வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று அவருக்கே தெரியாது. ஓய்வுக்கு மூன்று மாதம் இருக்கிறது, பேரோடு போய்விடலாம் என்கிற நினைப்பு. அதிகாரி அவர் சொன்னதையும் குறித்துக்கொண்டார். பிறகு, பெஞ்சில் வெகுநேரமாக உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்தார். எழுபது வயதிருக்கும், மடியில் துணிப்பை. மகள் காணாமல் போய்ப் பத்தொன்பது வருஷம். இடது காலில் ஆறு விரல் அவளுக்கு. அந்த அம்மா வருஷத்துக்கு ஒருமுறை இங்கே வந்து, ஆறு விரல் என்று எதிலாவது எழுதியிருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போவார். எழுத்தருக்கு ஆளைத் தெரியும். இல்லைம்மா என்று சொல்லி அனுப்பியே பழகிவிட்டது.

"நீங்க நல்லாப் பாத்துதானே தம்பி எழுதுவீங்க?"

"ஆமாம்மா."

"ஆறு விரல் இருந்தா விட்டிருக்க மாட்டீங்கள்ல?"

"எப்படிம்மா விடுவேன்."

அந்த அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. அப்படியானால் மகள் எங்கேயோ உயிரோடுதான் இருக்கிறாள், நீங்கள் சொன்னால் சரி என்றார். அவள் வந்தால் உடுத்தட்டும் என்று வருஷா வருஷம் ஒரு உடுப்பு எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறாராம். இந்த வருஷத்து உடுப்பைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். பச்சை நிறம். நல்லா இருக்கு என்று சொல்ல வேண்டியதாயிற்று. சொன்னார், பாவி மனுஷன்.

ஒரு குரல் அன்று இரவு அவரைத் தூங்கவிடவில்லை. அந்த அம்மாவுடையது அல்ல, சாவிக்காரருடையது. பத்தொன்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு மத்தியான வேளை, கழுத்து நெரிபட்டுக் கால்வாயில் கிடந்த ஒரு பெண். இருபது வயசுப் பொண்ணு, பச்சப்புள்ள மாதிரி இருக்கு என்று உள்ளேயிருந்து சொன்னவர், கால்ல ஒரு விசேஷம் இருக்கு, வந்து பாருங்க என்றும் சொன்னார். எழுத்தர் அதற்குள் இரண்டு வரியையும் எழுதி முடித்திருந்தார். போதும்ப்பா, எழுதியாச்சு என்றார். அதை அவர் மறந்துபோயிருந்தார் என்று சொன்னால் அது பொய். மறக்க வேண்டும் என்று நினைத்த நாளெல்லாம் ஞாபகம் வந்திருக்கிறது.

விடிந்ததும் முன்னங்கையில் பச்சை குத்திய இரண்டு எழுத்துகள் இருந்தன. யாருடைய பேரின் முதலெழுத்துகளோ. அடுத்த நாள் விலாவில் தீப்பட்டுச் சுருங்கிய தோல். அதற்கடுத்து உதட்டில் தையல், காதில் பிய்ந்துபோன துளை, ஆள்காட்டி விரலில் நகமில்லாமல் ஒரு மழுங்கல். அவர் கண்டுபிடித்து எழுதிய இரண்டும் வந்து முடிந்துவிட்டன. இப்போது வருவதெல்லாம் அவர் எழுதாமல் விட்டவை. வெயில் காலத்தில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டார். கண்ணாடியைத் திருப்பி வைத்தார். மனைவி முதலில் மருத்துவரிடம் போகலாம் என்றாள், பிறகு அழுதாள், பிறகு பக்கத்து அறையில் படுத்துக்கொண்டாள். ஒருநாள் எல்லாவற்றையும் அவளிடம் கொட்டித் தீர்த்தார்.

"செத்தவங்க செத்துட்டாங்க. இன்னும் மூணு மாசம். வாயை மூடிக்கிட்டு இருங்க, உங்க காலைத் தொட்டுக் கேக்குறேன்."

காலைத் தொட வந்தவள் தொடவில்லை. அவருடைய இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்தரும் குனிந்து பார்த்தார். சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் இன்னொரு விரல், சின்னதாக, நகத்தோடு. அசைக்கப் பார்த்தார். அசைந்தது.

மறுநாள் அந்த அம்மாவுக்குப் போன் செய்து ஐந்து மணிக்கு மேல் வரச் சொன்னார். சொல்லிவிடுவது என்று முடிவு செய்துவிட்டார். வேலை போகட்டும், பேர் கெடட்டும், அந்தப் பச்சை உடுப்பை அந்த அம்மா இனிமேல் யாருக்காகவும் எடுத்து வைக்கக் கூடாது. மதியம் முழுக்க அதையே மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். மற்ற அலுவலகங்கள் பூட்டி, வெளி வராந்தாவில் விளக்குப் போட்டார்கள். யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போகும் சத்தம் தேய்ந்து அடங்கியது. கதவுக்குப் பின்னால் ஓயாமல் உறுமிக்கொண்டிருந்த இயந்திரம் நின்றது. இருபத்தாறு வருஷத்தில் அவர் கேட்டிராத அமைதி. அந்த அமைதியில் வாசலில் செருப்புகள் உரசின.

அந்த அம்மா உள்ளே வந்தார்.

"கெடச்சிட்டாளா தம்பி?"

மனப்பாடம் செய்ததெல்லாம் போய்விட்டது. எழுத்தர் குனிந்து செருப்பைக் கழற்றினார். சாக்ஸையும் கழற்றினார்.

அந்த அம்மா தரையில் உட்கார்ந்தார். காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அந்தச் சின்ன விரலைக் கட்டைவிரலால் தடவினார். அழவில்லை.

"இவதான்" என்றார். "இத்தன வருஷமா எங்க வச்சிருந்தீங்க?"

"நான் பாக்கலம்மா. உள்ள போய்ப் பாக்கவே இல்ல. யாரையுமே பாக்கல."

சொல்லிவிட்டார். நெஞ்சு லேசாகும் என்று நினைத்தார். ஆகவில்லை. அந்த அம்மா தலையை ஆட்டினார். கோபம் இல்லை அந்த முகத்தில். வாசல் பக்கம் திரும்பி, வாங்க, இங்கதான் என்றார்.

பெஞ்சு நிறைந்திருந்தது. எப்போது வந்தார்கள் என்று தெரியவில்லை. பெஞ்சுக்குப் பின்னாலும் நின்றார்கள். வராந்தாவிலும். கையில் புகைப்படம் வைத்திருந்தவர்கள். பிள்ளையை இடுப்பில் வைத்திருந்தவர்கள். சத்தமே இல்லை. மருந்துக் கடையில் நிற்பது போல ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள்.

சாவிக்காரர் உள்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

எழுத்தர் எழுந்து ஓட நினைத்தார். உள்ளேதான் நடந்தார். சட்டையைக் கழற்றியது தன் கைதானா என்று தெரியவில்லை. முதுகுக்குக் கீழே இரும்பு. ஜில்லென்று. கையைத் தூக்க முடியவில்லை. கண்ணை மூட முடியவில்லை.

ஒரு பெண் வந்து முன்னங்கையின் எழுத்துகளைப் பார்த்தாள். தம்பி என்றாள். நகர்ந்தாள். ஒருவர் விலாவைத் தொட்டார். அடுப்புல விழுந்தப்ப பட்டது என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். நகர்ந்தார். உதட்டை விரித்தார்கள். பல்லை எண்ணினார்கள். தலைமுடியை வகிர்ந்து வகிர்ந்து பார்த்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒன்று கிடைத்தது. ஒவ்வொரு கையும் சூடாக இருந்தது. உயிரோடு இருக்கிறேன் என்று சொல்லப் பார்த்தார். வாயில் யாருடைய விரலோ இருந்தது.

பிறகு ஒரு கிழவர் வந்தார். தலையிலிருந்து கால்வரை பார்த்தார். புரட்டச் சொல்லிப் பார்த்தார். மறுபடி மல்லாத்திப் பார்த்தார். பொறுமையாக, ஒரு இடம் விடாமல்.

"என் பையனுக்கு வெளிய அடையாளம் ஒண்ணும் கெடையாதுப்பா. தொடையெலும்பு ஒடஞ்சு, உள்ள தகடு வச்சு முறுக்கியிருந்தாங்க."

சாவிக்காரர் தலையசைத்தார். சுவரோரம் இருந்த, கத்திகள் அடுக்கிய தட்டை எடுத்துவந்து மேசையில், எழுத்தரின் இடுப்புக்குப் பக்கத்தில் வைத்தார். இரும்பில் இரும்பு பட்ட சத்தம். கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டார்.

"எந்தத் தொடைன்னு ஞாபகம் இருக்கா ஐயா?"

கிழவர் யோசித்தார். பின்னால் வரிசை காத்திருந்தது.

"சரியாத் தெரியல. ரெண்டையும் பாத்துடுங்க."