ஏலிஸுக்கு நூற்று முப்பத்தெட்டு

சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி இருபத்திரண்டு நிமிடத்துக்குக் குத்தாலிங்கத்தின் இதயம் நிமிடத்துக்கு நூற்று முப்பத்தெட்டு முறை துடித்தது. அவர் ஓடவில்லை, மாடிப்படி ஏறவில்லை. தென்காசி வீட்டின் முன்னறையில், சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிப் படுத்திருந்தார். இரண்டு காதிலும் சட்டைப் பொத்தான் அளவுக்குச் செவிக்குமிழ்.

காதுக்குள் ஸ்காட்லாந்தில் மழை பெய்துகொண்டிருந்தது. எழுநூறு வருடத்துக்கு முந்திய மழை. ஏரிக்கரையில் குதிரை ஒன்று கனைத்தது. கதை படிக்கும் குரல், தொண்டையில் கொஞ்சம் புகை படிந்த ஆண்குரல், அவசரமே இல்லாமல் சொன்னது:

"ஏலிஸின் மணிக்கட்டில் இருந்த துணி முடிச்சை ருவாரி தொட்டான். ஒரு வருடமும் ஒரு நாளும் முடிந்துவிட்டன. இனி அவிழ்க்க வேண்டியதுதான்."

குத்தாலிங்கம் மூச்சை இழுத்தார். விடவில்லை.

சுவர்த்திரை மணியடித்தது. "மூன்றாவது நாடி எச்சரிக்கை. வீட்டில் ஓய்வு நேரத்தில் மிகைத்துடிப்பு."

அடுக்களையிலிருந்து மனைவி பிரமநாயகி ஓடிவந்தாள். கையெல்லாம் உளுந்து மாவு.

"என்ன செய்யுது உங்களுக்கு?"

"ஒண்ணும் செய்யல."

"ஒண்ணும் செய்யாமலா நூத்தி முப்பத்தெட்டு? லாரியா ஓட்டுதீங்க?"

"சொற்பொழிவு கேட்டுட்டு இருந்தேன் பிரமு."

திரையும் அதைத்தான் சொன்னது. 'ஆன்மிகச் சொற்பொழிவு, பகுதி 19.' வீட்டில் யார் எதைக் கேட்டாலும் திரையில் பெயர் வந்துவிடும். அதற்காகவே செவிநாவல் விற்கிறவர்கள் 'முக்காடு' என்று ஒரு வசதி வைத்திருந்தார்கள். வேண்டிய பெயரை மேலே போர்த்திக்கொள்ளலாம். உள்ளே 'கார்ஷல் கோட்டையின் பிணைமகள்' ஓடும். வெளியே சொற்பொழிவு ஓடும்.

அவர் என்ன செய்வார் பாவம். முப்பத்தொரு வருடம் மோட்டார் வாகன ஆய்வாளர். பிரேக் சரியில்லை என்று அவர் ஒரு தலையாட்டு ஆட்டினால் பதினாறு சக்கர லாரி அங்கேயே நிற்கும். அந்த மனிதர் ஒரு மலைநாட்டுப் பெண்ணுக்காகத் தினமும் மூன்று மணிக்குக் கண்கலங்குகிறார் என்பது வெளியே தெரிந்தால் என்ன ஆவது?

கதை இதுதான். இரண்டு மலைக்குலங்களுக்குத் தலைமுறைப் பகை. சண்டையை நிறுத்த ஏலிஸைப் பகைவீட்டு மகன் ருவாரிக்குப் பிணையாகக் கொடுக்கிறார்கள். இருவர் கையையும் ஒரே துணியால் கட்டுவார்கள். ஒரு வருடமும் ஒரு நாளும் சேர்ந்து வாழலாம். பிடிக்காவிட்டால் துணியை அவிழ்த்துவிட்டுப் போகலாம். முதல் மாதம் அவன் முகத்தையே அவள் பார்க்கவில்லை. ஆறாம் மாதம் அவன் காய்ச்சலில் கிடந்தபோது ராத்திரியெல்லாம் கூடவே இருந்தாள். இப்போது கெடு முடிந்துவிட்டது. கரையில் படகு காத்திருக்கிறது. இருபதாம் அத்தியாயம் மட்டும் பாக்கி.

"செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குச் சமனூசி" என்றது திரை. "பராமரிப்பவர் உடன் வரவும்."

பிரமநாயகி சோபாவில் உட்கார்ந்துவிட்டாள்.

ஐம்பது வயது தாண்டிய எல்லாருக்கும் தோள்பட்டை எலும்புக்குக் கீழே அரிசி அளவில் ஒரு நாடிக்கண். அது பார்ப்பதை அரசாங்கத்தின் நலவலை பார்க்கும். நாட்டில் மாரடைப்பில் கடைசியாக ஒருவர் செத்துப் பதினோரு வருடமாகிறது. ஒரே வாரத்தில் மூன்று எச்சரிக்கை வந்தால் சமனூசி. அதற்குப் பிறகு துடிப்பு எழுபத்திரண்டைத் தாண்டாது, ஆயுள் முழுக்க. நான்காவது எச்சரிக்கை வந்தால் ஊசியே வீடு தேடி வரும்.

எதிர்வீட்டு ஆறுமுகநயினாருக்குப் போன தையில் போட்டார்கள். நல்ல ஆரோக்கியம். மகளுக்குத் தாலி ஏறும்போது பந்தலில் எல்லாரும் அழுதார்கள். அவர் மட்டும் பேருந்துக்குக் காத்திருப்பவர்போல நின்றார். பிறகு குத்தாலிங்கத்திடம் தணிந்த குரலில் சொன்னார்: "அழணும்னு தெரியுது ஓய். வரமாட்டேங்கு."

குத்தாலிங்கத்தைப் பயமுறுத்தியது அதுதான். ஊசிக்கு முன் இருபதாம் அத்தியாயத்தைக் கேட்டால் நான்காவது எச்சரிக்கை நிச்சயம். ஊசிக்குப் பிறகு கேட்டால் ஏலிஸ் போனாலும் ஒன்றுதான், இருந்தாலும் ஒன்றுதான். மூன்று நாள் செவிக்குமிழைத் தொடவில்லை. சாப்பாடும் இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் டாக்டர் ரஹ்மத் நிஸா ஊசியைத் தட்டில் எடுத்து வைத்தாள். முப்பது வயது இருக்கும். கடையநல்லூர்ப் பெண். பிரமநாயகி வெளியே நடையில் உட்கார்ந்திருந்தாள்.

"சட்டையைக் கொஞ்சம் விலக்குங்க ஐயா. எறும்பு கடிச்ச மாதிரிதான்."

"டாக்டரம்மா, ஒரு நாப்பது நிமிஷம் கிடைக்குமா?"

"பயமா?"

"பயமில்ல." குத்தாலிங்கம் கதவைப் பார்த்துக்கொண்டார். "ஒரு அத்தியாயம் பாக்கி இருக்கு. மனசு ஒழுங்கா இருக்கும்போதே கேட்டுட்டு வந்துடுதேன்."

பிறகு சொன்னார். தலையைக் குனிந்துகொண்டு, ஓட்டுநர் உரிமம் இல்லாமல் பிடிபட்டவர்போல, எல்லாவற்றையும் சொன்னார். டாக்டர் சிரிக்கவில்லை. திரையில் அவருடைய துடிப்பு வரைபடத்தை எடுத்து, பக்கத்தில் நாவலின் பத்தொன்பதாம் அத்தியாயத்தை ஓடவிட்டாள். குதிரை கனைத்த இடத்தில் கோடு ஏறியது. முடிச்சைத் தொட்ட இடத்தில் உச்சி.

அவள் நாற்காலியில் சாய்ந்தாள்.

"இந்த மாசம் நம்ம மாவட்டத்துல மட்டும் அறுபத்திமூணு பேருக்கு இதே கோடு ஐயா. எல்லாரும் மத்தியானம், எல்லாரும் வீட்டுக்குள்ள, எல்லாரும் சொற்பொழிவு. சொற்பொழிவு கேட்டா இதயத்துக்கு ஆகாதுன்னு நலவலை இன்னைக்குக் காலையில அறிக்கையே விட்டுருச்சு."

"மத்தவங்க யாரும் சொல்லலையா?"

"இருபது பேருக்கு என் கையாலயே ஊசி போட்டேன். எல்லாரும் சட்டையை விலக்கிக் காட்டுனாங்களே தவிர, ஒருத்தர் வாயைத் திறக்கல." ஊசியைத் தட்டோடு தள்ளி வைத்தாள். "உங்களுக்கு வேண்டாம். உங்க இதயம் கல்லு மாதிரி இருக்கு. உண்மையான காரணத்தை நான் பதிவு பண்ணிடுதேன். பராமரிப்பவர் கையெழுத்து மட்டும் வேணும்."

குத்தாலிங்கத்துக்கு வந்த நிம்மதி பாதியில் நின்றது. "அவகிட்ட சொல்லணுமா?"

"படிச்சுப் பாத்துட்டுத்தானே போடுவாங்க."

பிரமநாயகி உள்ளே வந்தாள். படிவத்தை ஒருமுறை படித்தாள். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொருமுறை படித்தாள்.

"காதல் கதையா?"

"ம்."

"வேற ஒண்ணுமில்லையே?"

"வேற என்ன?"

"மூணு மணியானா கதவைச் சாத்துதீங்க. முகம் ஒரு தினுசா ஆகுது. கூப்பிட்டா திடுக்குனு முழிக்குதீங்க." அவள் பேனாவை எடுத்துக்கொண்டாள். "எவளோ ஒருத்தி பேசுதான்னு நெனச்சேன். ஒரு மாசமா நெஞ்சு நெஞ்சா இல்ல எனக்கு. சாமி சொற்பொழிவுன்னு சொன்னப்போ உறுதியாவே ஆயிட்டு. நீங்க என்னைக்கு அதெல்லாம் கேட்டீங்க?"

கையெழுத்தைப் போட்டாள். பேனாவை மூடினாள். எழுந்திருக்கவில்லை.

"அந்தப் பிள்ளை போயிட்டாளா, இருந்தாளா?"

"தெரியாது. இருபதாவதுல வருது."

"அப்ப போடுங்க."

டாக்டர் இருவருடைய எச்சரிக்கையையும் ஒரு மணி நேரத்துக்கு நிறுத்திவைத்தாள். நடையிலிருந்த நீள இருக்கையில் ஆளுக்கொரு செவிக்குமிழ். முன்கதையைக் குத்தாலிங்கம் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்தார். பிறகு அந்தப் புகைக்குரல் வந்தது.

ருவாரி முடிச்சை அவிழ்த்தான். துணியை மடித்து அவள் கையில் கொடுத்தான். ஏலிஸ் படகில் ஏறினாள். துடுப்பு தண்ணீரில் விழும் சத்தம். நான்காவது துடுப்புக்குப் பிறகு சத்தம் நின்றது. தண்ணீரில் யாரோ இறங்கி நடந்து வரும் ஓசை. இடுப்பளவு நனைந்து கரையேறிய ஏலிஸ், அதே துணியைத் தானே அவன் மணிக்கட்டில் சுற்றிக் கட்டினாள்.

"அன்று என்னைக் கொடுத்தார்கள். இன்று நான் வருகிறேன்."

குத்தாலிங்கம் மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். இப்போது மறைக்க வேண்டியதில்லை என்பதே பெரிய சுகமாக இருந்தது. பக்கத்தில் பிரமநாயகி மூக்கை உறிஞ்சினாள்.

"இதைச் சொல்ல ஒரு வருஷமாக்கும் அவளுக்கு" என்றாள். அவளுடைய நாடி நூற்று நாற்பத்தொன்று.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் டாக்டர் பதிவு செய்த உண்மையான காரணத்தை நலவலை உட்கார்ந்து யோசித்தது. காரணம் தெரிந்துவிட்டால் நோயாளியை விட்டுவிட்டுக் காரணத்துக்கு வைத்தியம் பார்ப்பது அதன் வழக்கம். அறுபத்திமூன்று பேரில் மிச்சமிருந்தவர்களுடைய ஊசி ரத்தானது. சொற்பொழிவு அறிக்கையும் திரும்பப் பெறப்பட்டது. வெள்ளிக்கிழமை, ஐம்பது வயது தாண்டியவர்களின் எல்லாச் செவிக்குமிழிலும் நாவலின் சமன்பதிப்பு வந்து இறங்கியது. அதில் குதிரை கனைக்கவில்லை. ருவாரியும் ஏலிஸும் இருபதாம் அத்தியாயத்தில் எல்லைக்கல் நடுவது பற்றிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள்.

மறுநாள் காலை பூங்காவில் நடைப்பயிற்சிக்குப் போன குத்தாலிங்கத்தை வேப்பமரத்தடியில் நாலு பேர் மறித்தார்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், கூட்டுறவு வங்கிச் செயலாளர் ஒருவர், பெயர் தெரியாத இருவர். தலைமையாசிரியர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"உங்களுக்கு முழுசாக் கிடைச்சுதாமே. உண்மையில அவ என்ன செஞ்சா?"

குத்தாலிங்கம் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து தொண்டையைச் செருமினார். படகில் ஆரம்பித்தார். துடுப்புச் சத்தத்தை வாயாலேயே செய்தார். ஏலிஸ் தண்ணீரில் இறங்கியபோது பெஞ்சைச் சுற்றிப் பதினான்கு பேர் நின்றார்கள். யாரும் அசையவில்லை.

அத்தனை பேருடைய நலவலைக் கைக்கடிகாரமும் ஒன்றாக அதிர்ந்தது. தலைமையாசிரியர் முகம் வெளுத்துத் திரும்பிப் பார்த்தார். பூங்காவில் காலை ஆறரை மணிக்கு நூற்று முப்பது துடிப்பு என்றால் நலவலைக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றுதான்.

"சிறப்பான நடை" என்றது கடிகாரம். "நாளையும் தொடரவும்."