அரைமணி நேர மௌனம்

ஓத்மார் கெல்லர் செத்துக்கொண்டிருந்தபோது அவருடைய கட்டிலைச் சுற்றி மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று பேரும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் ஃபெயில் என்று சொல்லி வைத்திருந்தவர் அவரேதான்.

மேஜைக் கடிகாரம் கிணுகிணுத்து மௌனம் முடிந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்த வெரேனா, "எந்திரிங்க ஓத்மார். இந்தத் தடவையாச்சும் நான் பாஸா?" என்று சிரித்தாள். அவர் எழுந்திருக்கவில்லை. கையை விட்டாள். அது மெத்தையில் தொப்பென்று விழுந்தது.

வியாழக்கிழமை, காலை 11.20.

தூன் ஏரிக்கு மேலே மலைச்சரிவில் இருந்த அந்த மரவீட்டுக்குள் இன்ஸ்பெக்டர் ரெகுலா ஹாஸ்லர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே நுழைந்தாள். பிப்ரவரி மாதத்துச் சளி. மாடி அறையில் கோட்டைக் கழற்றப் போனவள், கழற்றாமல் திரும்பவும் பொத்தானைப் போட்டுக்கொண்டாள். ஜன்னல் அகலத் திறந்து கிடந்தது. அதன் அடியில் ஒரு மரப்பெட்டி. பெட்டி மேல் சிவப்பு மஃப்ளர் ஒன்று நாலாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. கட்டிலருகே தடித்த மெழுகுவர்த்தி, பாதிகூட எரியாமல் அணைந்துபோய் நின்றது. பக்கத்தில் பழுப்பு நிற மண்கோப்பை, காலி. ஒரு துண்டு மட்டும் குறைந்த சாக்லேட்.

ஓத்மாரை ரெகுலாவுக்கு நன்றாகவே தெரியும். தீராத நோயில் கிடந்து, போதும் என்று முடிவெடுத்தவர்கள் வீட்டுக்கு, அந்த நாட்டுச் சட்டம் அனுமதிக்கிற சாவு மருந்தை எடுத்துக்கொண்டு போய்க் கடைசிவரை கூட இருப்பவர். டாக்டர் இல்லை, நர்ஸ் இல்லை, முன்னாள் பள்ளிக்கூட வாத்தியார். அப்படிப்பட்ட துணையாட்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுப்பதும் அவர்தான். சாவு முடிந்ததும் போலீஸ் போய்ப் பார்த்தாக வேண்டும் என்பது சட்டம். ரெகுலா போன வீடுகளில் பாதிக்குக் கதவைத் திறந்துவிட்டது இவர்தான். கெட்டிக்காரர். ஆனால் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம். ரெகுலாவுக்கு அவரை அவ்வளவாகப் பிடிக்காது, அதற்காக அவர் இப்படிக் கிடப்பதைப் பார்க்கவும் பிடிக்கவில்லை.

இன்றைக்குப் பயிற்சியின் கடைசி நாள், ஒத்திகை. ஓத்மார் சாகப்போகிறவராகப் படுத்துக்கொள்வார். நிஜ மருந்துக்குப் பதில் மலைவேர்க் கஷாயம், குடலே புரளும் கசப்பு, அதைப் போக்க ஒரு துண்டு சாக்லேட். குடித்தால் என்ன ஆகும் என்று தெரியுமா என்ற கடைசிக் கேள்வியைத் துணையாள் கேட்க வேண்டும். பதில் கேமராவில் பதிவாக வேண்டும். அவர் குடித்ததும் கேமராவை அணைத்துவிட்டு அரைமணி நேரம் கண்மூடி மௌனம்.

"ஆம்புலன்ஸ்காரங்க ஜன்னலத் திறந்தீங்களா?" என்று படியிறங்கிக்கொண்டிருந்தவனைக் கேட்டாள் ரெகுலா.

"இல்ல மேடம். நாங்க வரும்போதே தொறந்துதான் இருந்துச்சு. உள்ள ஐஸ் பெட்டி கணக்கா இருந்துச்சு."

கூடத்தில் ஒரு குண்டு மனிதர் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, சோபாவுக்கு அடியில் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தார். மார்செல் சுட்டர். பயிற்சிக்கு வந்த மூன்று பேரில் ஒருவர், பக்கத்து ஊரில் பாலாடைக்கட்டிக் கடை வைத்திருப்பவர்.

"என்ன தேடுறீங்க?"

"என் மஃப்ளர் மேடம். சிவப்பு. காலைல ஜன்னல் இடுக்குல ஊதக்காத்து வருதேன்னு அத உருட்டிச் சொருகி வெச்சேன். அப்புறம் ஆளுக்கொரு பக்கம் ஓடினதுல எங்க போச்சுன்னே தெரியல. எனக்குக் கழுத்துல காத்துப் பட்டாப் போதும், ஒரு வாரம் படுத்துருவேன்."

"கோப்பை யாரோடது?"

"அவரோடதுதான். வேற கோப்பைல குடிக்க மாட்டாரு. சமையல்கட்டு அலமாரில இருக்கும். கஷாயத்த நாங்க எல்லாருமே ஜாடிலேந்து ஒரு வாய் குடிச்சோம். உன் நாக்குல வெக்காத கசப்ப அடுத்தவன் கைல குடுக்காதேன்னு அவரு சட்டம். எனக்கு இன்னும் ஏப்பம் கசக்குது."

மதியம் 2.30. போலீஸ் டாக்டர் ஷென்க் கூப்பிட்டார்.

"ஜாடில ஒண்ணுமில்ல ரெகுலா. கோப்பைல இருக்கு. கடும் வலிக்குக் குடுக்குற சொட்டு மருந்து, அதுவும் ஒரு ஆளுக்கு வேண்டியதுக்குப் பல மடங்கு. முன்னாடியே கோப்பைக்குள்ள விட்டு வெச்சிருக்காங்க. பழுப்புக் கோப்பையில பழுப்பு மருந்து, யாருக்குத் தெரியப்போவுது?"

"கசக்காதா?"

"அந்தக் கஷாயத்துல நீ செருப்பக் கரைச்சாக்கூடத் தெரியாது."

அடுத்தது அரசு வக்கீல். அவருக்கு எப்போதும் அவசரம். "கோப்பையக் குடுத்தது அந்த வெரேனா லூதி. போன வருஷம் அவளத்தான் ஃபெயில் பண்ணியிருக்காரு. வேற என்ன வேணும் உங்களுக்கு? கூட்டிட்டு வாங்க."

"ஒரு மணி நேரம் குடுங்க சார்."

வெரேனா பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள். பெரிய கைகள். அந்தக் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் போட்டுப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"மேடம், பக்கவாதத்துல வீட்டுக்காரர் படுத்திருக்காரு. என்ன உள்ள போட்டீங்கன்னா அவருக்கு வாயில தண்ணி ஊத்த ஆளில்ல. நான் எதுக்கு இவரக் கொல்லணும்?"

"அவர் குடிச்சப்புறம் என்ன நடந்துச்சு?"

"கண்ண மூடிட்டோம். நான் மட்டும் அவர் கையப் பிடிச்சுட்டிருந்தேன். நடுவுல என் விரல இறுக்குனாரு. 'ஏதோ சரியில்ல... நிறுத்துங்க'ன்னாரு." அவள் குரல் உடைந்தது. "எப்பவும் அப்படித்தான் மேடம்! மௌனத்த உடைக்கிறோமான்னு சோதிக்க முனகுவாரு, திட்டுவாரு. ஒரு தடவ 'அம்மா'ன்னு கத்தினாரு. அதுல வாயத் தொறந்துதான் போன வருஷம் ஃபெயிலானேன். இந்தத் தடவ பல்லக் கடிச்சுட்டு இருந்துட்டேன்."

"கைய ஒரு தடவையாவது விட்டீங்களா?"

"மணி அடிக்கிற வரைக்கும் விடல. கையெல்லாம் மரத்துப்போச்சு. குளிரு வேற. திடீர்னு முதுகுல சில்லுன்னு அடிச்சுது. மெழுகுவர்த்தி அணைஞ்ச வாசன வந்துச்சு. பயத்துல வர்ற நடுக்கம்னு நெனச்சேன்."

மார்செலிடம் அதையே கேட்டாள். "மௌனத்துல குளிருச்சா?"

"குளிருச்சாவா? ஹீட்டர் படுத்துடுச்சுன்னு நெனச்சேன். வாயத் தொறந்து கேக்கவும் முடியாது. கால் விரல எண்ணிட்டு உக்காந்திருந்தேன்."

மூன்றாவது ஆள் டோரா அம்மான். ஊருக்குள் பூக்கடை வைத்திருப்பவள். ஐம்பதைத் தாண்டியவள், ஒல்லி, அலுங்காமல் பேசுகிறவள். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள்.

"மௌனத்துல ஏதாவது வித்தியாசமா பட்டுச்சா?"

"இல்ல."

"உங்க நாற்காலி எங்க?"

"ஜன்னல் பக்கம்."

"குளிருச்சா?"

"இல்லியே. அறை நல்லா கதகதன்னுதான் இருந்துச்சு. அப்புறம் ஆம்புலன்ஸ் ஆளுங்க வந்து ஜன்னலத் தொறந்தாங்க, அதுக்கப்புறம்தான் குளிர் வந்துச்சு."

ரெகுலா மூக்கைச் சிந்தினாள். கைக்குட்டையை நிதானமாக மடித்துப் பையில் வைத்தாள். பிறகு மூன்று பேரையும் சமையல்கட்டு மேஜைக்கு வரச்சொன்னாள். சிவப்பு மஃப்ளரை மேஜை நடுவில் போட்டாள்.

"அட, என்னுது!" என்று மார்செல் கை நீட்டினார்.

"இருங்க. கோப்பைல மருந்த விட இந்த வீட்ல எல்லாருக்கும் வாய்ப்பு இருந்துச்சு. அத வெச்சு யாருன்னு சொல்ல முடியாது. அதனால நான் கோப்பைய விட்டுட்டேன். ஜன்னலப் புடிச்சுக்கிட்டேன்."

"ஜன்னலா?" என்றாள் வெரேனா.

"இந்த மாதிரிச் சாவு வீட்டுக்கு நான் எத்தனையோ தடவ போயிருக்கேன். உயிர் போனதும் வீட்டாளுங்க மொதல்ல செய்யறது என்ன? ஜன்னலத் திறப்பாங்க. ஆத்மா போக வழி விடணும்னு. நம்ம மலைக்காரங்க பழக்கம் அது, சாமி கும்பிடாதவங்ககூட திறப்பாங்க. ஒத்திகைல யாராவது திறப்பாங்களா?"

"சேச்சே!" என்றார் மார்செல். "உயிரோட இருக்கறவனுக்கு ஜன்னலத் திறக்கக் கூடாது. அபசகுனம்."

"அதான். ஆம்புலன்ஸ் வர்றப்பவே ஜன்னல் திறந்திருக்கு. மௌனத்துக்கு நடுவுல குளிர் அடிச்சிருக்கு, மெழுகுவர்த்தி அணைஞ்சிருக்கு. அப்ப எல்லாரும் ஓத்மார் நடிக்கிறாருன்னு நெனச்சுட்டு இருந்த நேரம். அவர் நிஜமாவே செத்துட்டாருன்னு அந்த அறைல ஒரே ஒருத்தருக்குத்தான் தெரிஞ்சிருக்கு. அவங்கதான் எழுந்து போய்த் திறந்தது."

ரெகுலா வெரேனா பக்கம் கையைக் காட்டினாள்.

"வெரேனா கைய விடல. கைய விட்டிருந்தா ஓத்மார் செத்தது அப்பவே தெரிஞ்சு கூச்சல் போட்டிருப்பாங்க. மார்செல் திறந்திருந்தா மஃப்ளர் எங்கன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கும். இடுக்குலேந்து அத எடுத்தாத்தான் ஜன்னல் திறக்கும். இந்த மனுஷன் சோபாவுக்கு அடியில நாய்க்குட்டி மாதிரித் தேடிட்டு இருந்தாரு. அத எடுத்தவங்க நாலா மடிச்சு வெச்சிருக்காங்க. ரெண்டு பேருக்குப் பல்லு கிட்டிப்போற குளிர்ல, ஜன்னல் பக்கத்துலயே உக்காந்திருந்த மூணாவது ஆளுக்கு மட்டும் கதகதன்னு இருந்திருக்கு." ரெகுலா திரும்பினாள். "அந்தப் பொய்ய மட்டும் சொல்லாம இருந்திருக்கலாம் டோரா."

டோரா மஃப்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதை எடுத்து மார்செல் பக்கம் நகர்த்தினாள்.

"போட்டுக்குங்க. சளி புடிச்சுக்கும்."

"ஐயோ டோரா," என்றாள் வெரேனா, "ஏன்?"

"எங்கண்ணன் ஃபெலிக்ஸ்." அவள் குரல் உயரவே இல்லை. "ஒவ்வொரு தசையா செத்துட்டு வர்ற வியாதி. அவனாத்தான் தேதி குறிச்சான். நான் குறுக்க நிக்கல. அன்னிக்குக் காலைல இந்த ஆள் வந்தாரு. நான் அடுத்த ரூம்ல காபி போட்டுட்டு இருந்தேன். அண்ணன் சொன்னது காதுல விழுந்துச்சு. 'இன்னிக்கு வேண்டாம் கெல்லர், வசந்தம் வரட்டும்.' அதுக்கு இவர், 'எல்லாரும் கெளம்பி வந்தாச்சு ஃபெலிக்ஸ், பயம் எல்லாருக்கும் வர்றதுதான்'ன்னாரு. அப்புறம்தான் கேமராவப் போட்டாரு. நான் உள்ள ஓடறதுக்குள்ள அவன் குடிச்சு முடிச்சிருந்தான்."

"போலீஸ்ல சொல்லலியா?"

"சொன்னேன். கேமராவப் பாத்தாங்க. 'தெரியும், சாவேன்'ன்னு அண்ணன் சொல்றது தெளிவா இருக்கு, இது போதும்னுட்டாங்க." முதல் முறையாக அவள் உதடு துடித்தது. "ஜன்னலத் திறக்கப் போனேன். போலீஸ் வர்ற வரைக்கும் எதையும் தொடாதேன்னு இழுத்துச் சாத்தினாரு. திரும்பப் போனேன். திரும்பச் சாத்தினாரு. என் அண்ணன் அந்த மூடின அறையிலேயே கெடந்தான்."

"அந்த மருந்து?"

"அண்ணனோட வலி மருந்துதான். மிச்சம் இருந்துச்சு. இத்தன மாசம் இந்த ஆளுக்கு எதிர்லயே உக்காந்து பாடம் கேட்டேன். என்ன அடையாளமே தெரியல அவருக்கு! என் வீட்டுக் காபியக் குடிச்ச ஆளு. என்னப் பாத்து, 'உங்களுக்கு நல்ல பொறும இருக்கு டோரா, நல்லா வருவீங்க'ன்னு பாராட்டினாரு."

வெரேனா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். "நிறுத்துங்கன்னாரே... என் கையப் புடிச்சுட்டு நிறுத்துங்கன்னாரே..."

"ஆமா, நானும் கேட்டேன்," என்றாள் டோரா. "அதக் கேக்கத்தான் வந்தேன். வேண்டாம்னு சொல்லியும் யாருக்கும் காது கேக்காம இருந்தா எப்படி இருக்கும்னு அவருக்குத் தெரியணும்ல? மன்னிச்சுக்க வெரேனா. உன் கை இதுல மாட்டினதுக்குத்தான் எனக்கு வருத்தம், வேற எதுக்கும் இல்ல."

"என்ன உள்ள தள்ளிட்டுப் போயிருப்பாங்களே! அப்பவும் சும்மா இருந்திருப்பியா?"

டோரா வெரேனாவின் பெரிய கைகளைப் பார்த்தாள். மார்செல் மஃப்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, கழுத்தில் சுற்ற மனம் வராமல் நின்றார்.

ரெகுலா எழுந்தாள். "ஒண்ணு மட்டும் புரியல. அவ்வளவு வெறுப்பு வெச்சிருக்கீங்க. அவரோட ஆத்மாவுக்கு எதுக்கு வழி விட்டீங்க?"

"அவருக்கா?" டோரா சிரித்தாள், கேட்கச் சகிக்காத சிரிப்பு. "மூச்சு நின்னது காதுல கேட்டுச்சு. அண்ணன் பக்கத்துல உக்காந்து பழகின காது. என்னையறியாம எழுந்து போய்ட்டேன். அன்னிக்கு ரெண்டு தடவ சாத்தின கைய இன்னிக்குத் தூக்க முடியல அவரால. எங்கண்ணனுக்காகத் திறந்தேன்."

வாசலில் கார் தயாராக நின்றது. காரில் ஏறும் முன் டோரா நின்றாள்.

"மேடம், காலைல எடுத்த படத்தப் பாத்தீங்களா? வெரேனா கேக்குறா, 'இதக் குடிச்சா என்ன ஆகும்னு தெரியுமா?' அவர் கேமராவப் பாத்து, 'தெரியும், சாவேன்'ங்கிறாரு. அப்புறம் தன் கையாலயே எடுத்துக் குடிக்கிறாரு. எங்கண்ணனுக்கு அது போதும்னீங்க. இவருக்கு மட்டும் ஏன் போதல?"

"அவருக்கு அது விளையாட்டு டோரா. நிஜம்னு தெரியாது."

"அன்னிக்கும் அவருக்கு விளையாட்டாத்தான் இருந்துச்சு."

ரெகுலா அவளைப் பின்சீட்டில் ஏற்றினாள். கதவைச் சாத்திவிட்டு முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். ஸ்டேஷனுக்குப் போனதும் ஃபெலிக்ஸ் கேஸின் பழைய படத்தைத் தேடி எடுக்கச் சொல்லி ஃபோன் செய்தாள். கேமரா எந்த நிமிஷத்தில் ஆரம்பிக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.