முந்தி வந்த குரல்

திரையில் மைனஸ் பன்னிரண்டு என்று வந்தது.

அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். பதினைந்து வருஷமாக ஒலிப்பதிவு செய்கிறவள்; அந்த இடத்தில் மைனஸ் குறியைப் பார்த்ததே இல்லை. கணினிக்கு வெளியே இருக்கும், குரலுக்கு எதிரொலி சேர்க்கும் எக்கோ பெட்டிக்கு மென்பொருள் ஒரு 'டக்' சத்தத்தை அனுப்பும். அது போய்த் திரும்ப எத்தனை மில்லிசெகண்ட் ஆகிறது என்று அளந்து, மற்ற வாத்தியங்களின் ஒலியை அந்த அளவுக்குத் தள்ளி வைக்கும். மைனஸ் என்றால், அனுப்புவதற்கு முன்பே சத்தம் திரும்பிவிட்டது என்று அர்த்தம்.

"இன்னுமா முடியல?" கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மைக் முன்னால் நின்றிருந்த கணவன் கேட்டான். "பாடுறது ஒண்ணு, காதுல கேக்குறது ஒண்ணு. சீக்கிரம் பாரு."

"கேபிள் மாத்திப் பாக்குறேங்க."

இதுதான் கடைசிப் பாட்டு. காலையில் பல் தேய்த்துக்கொண்டே சொல்லியிருந்தான்: அடுத்த மாதத்திலிருந்து பெரிய ஸ்டுடியோ, வேறொருத்தி, வேறு வீடு. இந்த மெட்டு அவள் போட்டது. இதற்கு முந்தைய பதினொன்றும் அவள் போட்டவைதான். பெயர் மட்டும் அவனுடையது. ஒருமுறை கேட்டதற்கு, "நீ வீட்டு ஆளுதானே" என்று வாய் கூசாமல் சொன்னான்.

கேபிளை மாற்றி அளந்தாள். மைனஸ் நாற்பது. பெட்டியின் வயரை வேறு துளையில் செருகி அளந்தாள். மைனஸ் மூவாயிரம். சூடேறிய பழைய பெட்டியிலிருந்து கருகிய தூசி வாசனை வந்தது. சுவரில் ஒட்டிய பஞ்சு வெளியிலிருந்து வரும் சத்தம் எல்லாவற்றையும் விழுங்கியிருக்க, ஹெட்போனில் மெல்லிய இரைச்சலும், அதற்கு அடியில் அவன் மூச்சும், மூச்சுக்கு நடுவே செருப்பு தரையில் உரசுவதும் துல்லியமாகக் கேட்டன.

"தண்ணி இருக்கா?"

நிமிர்ந்தாள். அவன் வாய் மூடியிருந்தது. காகிதத்தைப் புரட்டிக்கொண்டிருந்தான். ஒன்று, இரண்டு, மூன்று.

அவன் தலையைத் தூக்கினான். உதடுகள் அசைந்தன. தண்ணி இருக்கா.

எதையாவது தப்பாக இணைத்திருக்க வேண்டும். அளந்தால் சரியாகிவிடும். இன்னொரு தடவை அளந்தாள்.

மைனஸ் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். நான்கு நிமிஷம்.

ஹெட்போனில் பாட்டு இல்லை. கதவைத் தட்டும் சத்தம். உள்ளிருந்து தட்டும் சத்தம்.

"கதவு வரல. ஏய், தெற."

கண்ணாடிக்குப் பின்னால் அவன் நிதானமாகத் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தான்.

"புகை வருது. தெற. உன் பேரையே போட்டுக்கோ. எல்லாத்துக்கும் போட்டுக்கோ. தெற."

இருமல். ஸ்டாண்டு விழுந்தது. நகம் கண்ணாடியில் கீறியது. நின்றது. மறுபடி, மெதுவாக. பிறகு அதுவும் இல்லை.

அந்த அமைதியில், உள்ளே கழன்று கிடந்த அவன் ஹெட்போனிலிருந்து சன்னமாக ஒரு பெண் குரல். அவளுடைய குரல். பதற்றமில்லாமல், தினமும் அவனிடம் சொல்லும் அதே பணிவோடு.

"நல்லா வந்திருக்குங்க. இன்னொரு தடவை போலாமா?"

அவனை வெளியே கூப்பிட வேண்டும். இப்போதே. எழுந்தாள். நாற்காலி பின்னால் உருண்டது. ஹெட்போன் வயர் இழுபட, நான்கு எட்டில் கதவை அடைந்தாள்.

கண்ணாடி வழியே அவன் அவளைப் பார்த்தான். ரெடி என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். அவன் காலுக்குப் பின்னால், ஒயர்கள் நுழையும் ஓட்டையிலிருந்து நூல் மாதிரி வெள்ளையாக ஏதோ மேலே எழும்பியது. அவன் கவனிக்கவில்லை.

சொல்ல வாயைத் திறந்தாள்.

குரல் வரவில்லை. அவள் கை கதவின் வெளித் தாழ்ப்பாள் மேல் இருந்தது. எப்போது வைத்தாள் என்று தெரியவில்லை. கையை எடு என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். கை நகரவில்லை.

விரல்கள், ஒவ்வொன்றாக, இரும்பை இறுகப் பற்றிக்கொண்டிருந்தன.