தறியிலிருந்து இறக்காத துணி

நேற்று நூல் உருவிய இடத்தைக் காணோம்.

வலியுல்லா துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓரத்திலிருந்து ஒரே ஒரு இழையைத் தன் கையால்தான் உருவினார். உருவினால் கோடு விழும், விழுந்த கோடு எந்தக் காலத்திலும் மூடாது. பழம்பட்டு பார்க்கிற யாருக்கும் தெரிந்த சங்கதி. இங்கே கோடு இல்லை. அந்த இடத்தில் கறுப்பாக ஒரு புது இழை ஓடியிருந்தது.

வெளியே ஐப்பசி மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. கச்சேரி ரோட்டுச் சந்தில் சாக்கடை பொங்கி, சாயங்காலத்திலேயே வீடு இருண்டு கிடந்தது. யுத்தத்துக்காக விளக்கைச் சுற்றிக் கறுப்புக் காகிதம் வேறு. ஊறிய சுவரின் நெடிக்கும் அடுப்படியில் வதங்கும் வெங்காய வாசனைக்கும் நடுவே வேறு எதுவோ ஒன்று, வியர்த்த தலையணையின் வாடை போல, மெல்ல எழுந்து அவர் மூக்கருகே வந்து நின்றது.

கண்தான் சரியில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டார். பயந்தால் ஆகுமா? பயந்தால் புதுக்கடையின் கல்லா இடம் காதருக்கு அல்லவா போய்விடும்!

காதர். பேரைச் சொன்னாலே வயிறு எரிந்தது. தி. நகர் ஜவுளிக்கடையில் பழம்பட்டுக்கு ஊரும் வயதும் சொல்லும் வேலையில் வலியுல்லா பழம் தின்று கொட்டை போட்டவர். நேற்று முளைத்த காளான் இந்தக் காதர். கண்ணை மூடித் துணியைத் தடவுவான். 'காசி' என்பான், 'சூரத்து' என்பான். முதலாளி அய்யாதுரை பூரித்துப்போய்த் தன் கையாலேயே அவனுக்குக் காப்பி ஆற்றிக் கொடுப்பார். வலியுல்லாவுக்கு ஒரு நாளாவது ஆற்றியிருப்பாரா?

அடையாற்றுப் பங்களாவிலிருந்து இந்தத் துணி வந்த அன்று முதலாளி சொல்லிவிட்டார்: "புதுக்கடை கல்லாவுல ஒரு ஆளுக்குத்தான் எடம். இதோட ஊரையும் வயசையும் யாரு சரியாச் சொல்லுதியளோ, அவியளுக்குத்தான்."

காதர் தொட்டான். தொட்ட கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

"வேணாம் முதலாளி. நுனி நூலுக்கு முடிச்சே இல்ல, பாருங்க. தறியிலேந்து அறுத்து எறக்கல, யாரோ பிச்சுக்கினு வந்துட்டாங்க. நெசவு முடியாத துணிக்கு வயசு சொல்லக் கூடாது. சொன்னவன் வயசு அதுல போயிடும்னு எங்க நெசவுக்காரங்க சொல்வாங்க."

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லேன்!" வலியுல்லா சிரித்தார். "எப்பிடியும் நூறு வருஷம் கீது முதலாளி. ஊட்டுக்கு எடுத்துக்கினு போய்ப் பார்த்து கரெக்டா சொல்றேன்."

வாயை விட்டது அங்கேதான்.

இப்போது அந்தப் புது இழையை நகத்தால் நெருடி இழுத்தார். சுரீரென்று உச்சந்தலையில் வலித்தது.

இழையை விளக்குச் சுடரில் காட்டினார். பட்டு எரிந்தால் முடி கருகும் நாற்றம் வரும், அதுதான் பரீட்சை. வந்தது. கூடவே மல்லிகை மணக்கும் சமேலி எண்ணெய் வாசனையும் வந்தது. காலையில் அவர் தலைக்குத் தேய்த்த அதே எண்ணெய்.

"இன்னாங்க, யார் முடி கருகுது?" அடுப்படியிலிருந்து மனைவி ஜமீலுன்னிசா கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. நீ உன் வேலையப் பாரு."

துணியைக் கட்டிலில் முழுக்க விரித்தார். பட்டை பட்டையாக இருந்தது. கறுப்பு, நரை, வெள்ளை. மறுபடி கறுப்பு, நரை, வெள்ளை. பட்டு இல்லை. மனிதர்களின் முடி. ஒவ்வொரு பட்டையும் ஒருவன் ஆயுசு. கடைசிப் பட்டை இப்போதுதான் தொடங்கியிருந்தது, விரற்கடை அகலத்துக்கு.

எடுத்துப் போய்க் கொடுத்துவிடலாம். தெரியவில்லை என்று சொல்லிவிடலாம். நினைத்த மாத்திரத்தில், காதர் கல்லாவில் சாய்ந்து காப்பி குடிப்பது கண்ணில் தெரிந்தது. ஐயோ, அதை எப்படிப் பார்ப்பது!

கதவு தட்டப்பட்டது.

"வலிபாய், நான் காதர். கதவத் தொறங்க." ஓடி வந்த மூச்சு இரைத்தது. "கரெக்டா வயசு சொல்லிடாதீங்க பாய். நுனியில நான் முடிச்சுப் போட்டுத் தரேன். கல்லா எனக்கு வேணாம், நீங்களே உக்காருங்க."

அப்படியா சேதி! விட்டுக்கொடுக்கிறானாம். பிச்சை போடுகிறானாம், பிச்சை!

"போடா!" என்று கத்தினார். "தஞ்சாவூரு! நூத்தம்பது வருஷம்! நான்தான் சொன்னேன், போய்ச் சொல்லு முதலாளி கிட்ட!"

முந்திக்கொண்டோம் என்று நெஞ்சு குளிர்ந்தது. ஒரு மூச்சு நேரம்.

டக்.

நெசவு நாடா ஓடும் சத்தம். அறையில் தறி இல்லை.

டக். டக்.

தலை லேசாயிற்று. தொட்டார். வெறும் தோல். டக். புருவம். டக். இமை. துணியில் கறுப்பு தீர்ந்தது. நரை ஏறியது. வெள்ளை ஏறியது. முடி தீர்ந்தது.

சத்தம் மட்டும் நிற்கவில்லை.

"வலிபாய்? கேக்குதா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தார். ஜமீலுன்னிசா கரண்டியோடு வாசற்படியில் வந்து நின்றாள். அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டிலிலிருந்து இறங்கித் தரையெல்லாம் வளர்ந்துகொண்டிருந்த துணியைப் பார்த்தாள். அதன் ஓரத்தில் ஈரமான சிவப்பு இழை ஒன்று குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது. அதன் மறுமுனை அவர் வாய்க்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது.