உடனே நிறுத்து

வீல்...

காலை பதினொன்றே காலுக்கு மாத்திரைக் கம்பெனியின் மாடிப்படியில் எழுந்த அலறல் பாதியிலேயே அறுந்தது.

மூன்றாம் மாடி. கேமரா அறை. திரையில் அதைப் பார்த்துவிட்டாள் ப்ரோக்ராமர்.

படியடியில் கெமிஸ்ட் அக்கா. கழுத்து திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. மேல்படியில், தள்ளிய கையை இன்னும் மடக்காமல்... மானேஜர்.

அவன் நிமிர்ந்து கேமராவைப் பார்த்தான்.

ப்ரோக்ராமர் கதவுக்குத் தாழ் போட ஓடினாள். தாழுக்கு முன்னால் அவன் கால் உள்ளே வந்துவிட்டது.

பேப்பர் வெட்டும் கத்தி அவள் விலாவில் சில்லிட்டது.

மருந்தில் கலப்படம் என்று அக்கா மேலிடத்துக்கு எழுதப் போனாளாம். சொன்னால் கேட்கவில்லையாம். கால் வழுக்கி விழுந்தாள், அவ்வளவுதான் என்றான் மூச்சிரைக்க.

"கேமரா ப்ரோக்ராமை நிறுத்து. நிறுத்தினா இன்னிக்கு எடுத்ததெல்லாம் அழிஞ்சிடும். நான்தானே அப்படி எழுதச் சொன்னேன்?"

சொன்னவன் அவன். சி என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதியவள் அவள்.

கீழே பூட்ஸ் சத்தம். எதிரிலேயே போலீஸ் ஸ்டேஷன். வாட்ச்மேன் கூப்பிட்டுவிட்டான்!

எக்ஸிட் என்று அடிக்கப் போனாள்.

"எவ்வளவு நேரமாகும்?"

"நா... நாப்பது செகண்ட் சார். அழிச்சிட்டுத்தான் மூடும்."

பூட்ஸ் இரண்டாம் மாடியைத் தொட்டது.

"அதுக்குள்ள விலங்கே மாட்டிடுவாங்க. உடனே நிறுத்த வழி இல்லையா?"

"அபார்ட்னு ஒண்ணு இருக்கு சார். அந்த நொடியே ப்ரோக்ராம் செத்துடும்."

"சாகட்டும். போடு."

அடித்தாள். என்டரைத் தட்டத்தான் கை வரவில்லை. பொறுக்காமல் அவனே தட்டினான்.

திரை இருண்டது.

கத்தி அவன் பைக்குள் போனது. கதவைத் திறந்து பெண் இன்ஸ்பெக்டர் வந்தபோது அவன் முகத்தில் துக்கம் தயாராயிருந்தது.

"பாவம் மேடம், வழுக்கி விழுந்துட்டா..."

இன்ஸ்பெக்டரின் முதுகுக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொண்ட பிறகுதான் ப்ரோக்ராமருக்குக் குரல் வந்தது.

"இவர்தான் தள்ளினார் மேடம். பையில கத்தி இருக்கு. படமும் இருக்கு."

"அதான் அழிஞ்சிடுச்சே!" என்றான் மானேஜர், தன்னை மறந்து.

இன்ஸ்பெக்டரின் புருவம் உயர்ந்தது.

"இல்ல சார்." இன்ஸ்பெக்டரின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "எக்ஸிட்னா எல்லாத்தையும் துடைச்சிட்டுக் கிளம்பும். நீங்க தட்டினது அபார்ட். பொட்டுனு போற உசுரு எந்த ஊர்ல சார் வீட்டைப் பெருக்கி வச்சிட்டுப் போகுது?"