உடைத்து எடுத்த கை

"முழுசா இருக்கிறவனை உடைச்சு இன்னொருத்தனை முழுசாக்கக் கூடாது," என்றான் லோவெல்.

"பிளாஸ்டிக் பொம்மைக்கு இவ்வளவு நியாயமா?" என்று சிரித்தாள் மார்லிஸ்.

"சிரிங்க, சிரிங்க. அவன் கையை எடுத்துட்டுப் போனா, கையைத் தேடிகிட்டு அவனும் வருவான்."

"வரட்டுமே. சாப்பாடு போட்டு அனுப்புறேன்."

அப்போது அவன் யாரென்றே அவளுக்குத் தெரியாது. டேட்டன் நகரத்துப் பொம்மைச் சந்தையில், பழைய விண்வெளி வீரர்கள் குவிந்து கிடந்த மேஜைக்கு முன்னால் மார்லிஸ் நின்றிருந்தாள். ஒரு கையில் கை உடைந்த ரோபோ, மறு கையில் குறையில்லாத ரோபோ. இரண்டையும் வாங்கி ஒன்றைச் சரிசெய்யலாமா என்று கடைக்காரரிடம் அவள் கேட்டதைக் காதில் வாங்கிக்கொண்ட நெட்டை வாலிபன் குறுக்கே வந்து கண்டித்தான். அடுத்த வசந்தத்தில் அவனையே கல்யாணம் செய்துகொண்டாள்.

குழந்தை பிறக்கவில்லை. வீட்டின் நிலவறை முழுக்கப் பொம்மைகள் நிறைந்தன. சனிக்கிழமை தோறும், யாராவது இறந்துபோன வீடுகளில் சாமான்களை விற்கும் இடங்களுக்கு இருவரும் காரில் போவார்கள். வழியெல்லாம் அவன் ஏதாவது சொல்லி அவளை வம்புக்கு இழுப்பான். அந்த வம்புக்காகவே அவள் போனாள்.

பல வருடங்களுக்குப் பிறகு, இப்போது லோவெலுக்குப் பேச்சு இல்லை. கோடையில் வந்த பக்கவாதம் நாக்கையும் வலது பக்கத்தையும் எடுத்துக்கொண்டது. குளிர்காலத்தில் மருத்துவர்கள் கைவிரித்துவிட்டு, வீட்டில் நிம்மதியாகப் போகட்டும் என்று அனுப்பிவைத்தார்கள். முன்னறையில் ஜன்னலோரம் கட்டில் போட்டார்கள். ரோண்டா என்ற வயதான நர்ஸ் தினமும் வந்து பார்த்துக்கொண்டாள்.

சாகப்போகிறவர்கள் பிரியமானவரின் அனுமதிக்காகக் காத்திருப்பார்கள் என்று ரோண்டா சொல்லியிருந்தாள். எனக்கு ஒன்றும் ஆகாது, நீ போகலாம் என்று தினமும் சொல்லு, அவருக்கு லேசாக இருக்கும் என்றாள். மார்லிஸ் ஒவ்வொரு காலையும் அவன் நெற்றியைத் தடவி அதைச் சொன்னாள். குரல் நடுங்காமல் சொல்லவும் பழகிவிட்டாள். அதற்கு நேர்மாறான ஒரு சொல் தொண்டையில் முள் மாதிரி நின்றது. சொன்னால் அவனுடைய வேதனை நீளும் என்று ஒவ்வொரு முறையும் விழுங்கினாள்.

கட்டிலுக்கு எதிரே அலமாரியில் சனிக்கோள் தளபதி நின்றான். லோவெலின் சிறு வயதில் அப்பா வாங்கித் தந்த வெள்ளி நிற விண்வெளி வீரன். வலது கை மட்டும் கிடையாது, எப்போதோ ஓடையில் விழுந்துவிட்டது. மாற்றுக் கை தேடவே லோவெல் சம்மதித்ததில்லை. இப்போது நாள் முழுக்க அவன் கண்கள் அந்தப் பொம்மையின் மேலேயே இருந்தன. அது ஏக்கம் என்று மார்லிஸ் நினைத்தாள். கை கிடைத்தால் அவன் முகம் ஒரு தடவை மலரும். மலர்ந்தால் இன்னும் கொஞ்ச நாள் இருப்பான்.

ரோண்டாவைக் காவலுக்கு வைத்துவிட்டு, பத்திரிகையில் பார்த்த ஒரு விற்பனைக்குப் போனாள்.

ஊருக்கு வெளியே, பனி மூடிய சோள வயல்களுக்கு நடுவே பழைய மரவீடு. வாசலில் சிறு மேஜை போட்டு, காப்பிக் கோப்பையோடு ஆர்லீன் என்ற பெண்மணி உட்கார்ந்திருந்தாள். இறந்தவன் அவளுடைய தம்பி வெர்னன். பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள், மாடியையும் பாருங்கள் என்றாள். ஆனால் அவள் மாடிப்படியின் பக்கம் திரும்பவே இல்லை.

மாடியில் ஈரக் கம்பளத்தின் நாற்றம். அதற்கு மேலே வலித் தைலத்தின் காரமான புதினா வாசனை. காலிக் கட்டிலின் தலைமாட்டில் அதே சனிக்கோள் தளபதி நின்றான், எந்தக் குறையும் இல்லாமல். வலது கையில் மட்டும் வெள்ளிப் பூச்சு தேய்ந்து வழவழவென்றிருந்தது. யாரோ வருடக்கணக்கில் விரலால் தடவிய கை.

அவள் அதைக் கீழே கொண்டுவந்ததும், "உயிர் போகும்போதும் அதைத்தான் பிடிச்சிருந்தான்," என்றாள் ஆர்லீன். "கொண்டு போயிடுங்க. இங்க இருக்க வேண்டாம்."

வீட்டுக்கு வந்ததும் மார்லிஸ் அந்தப் பொம்மையின் தோளைத் தலைமுடி உலர்த்தியால் சூடாக்கி இளக்கினாள். திருகி இழுத்தாள். விரலில் நெட்டி முறிவது போல ஒரு சத்தம் கேட்டது. கையில்லாத உடலை நிலவறைப் பெட்டியில் போட்டாள். கையை லோவெலின் தளபதிக்குப் பொருத்தி, பொம்மையைக் கணவனின் இடது உள்ளங்கையில் வைத்தாள்.

லோவெல் பார்த்தான். கண்ணோரம் நீர் வழிந்தது. சந்தோஷக் கண்ணீர் என்று நினைத்து அவள் அவன் கன்னத்தில் முத்தமிட்டாள்.

மறுநாள் மத்தியானம் படுக்கை விரிப்பை மாற்றும்போது முன்னறையில் புதினா வாசனை அடித்தது. அவர்கள் வீட்டில் தைலம் கிடையாது. ஜன்னலைத் திறந்தாள். பனிக்காற்று உள்ளே வந்தது. வாசனை போகவில்லை.

அவள் மணிக்கட்டை ஏதோ தொட்டது.

லோவெலின் வலது கை.

மாதக்கணக்கில் மரக்கட்டையாகக் கிடந்த கை அவளைப் பிடித்திருந்தது. கட்டைவிரல் மெதுவாக, வட்டம் வட்டமாக அவள் தோலைத் தேய்த்தது. மார்லிஸ் அழுதுகொண்டே அவன் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் மகிழ்ச்சி இல்லை. லோவெல் தன் கையையே பயத்தோடு பார்த்துக்கொண்டிருந்தான்.

ரோண்டாவிடம் சொன்னபோது அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "நரம்பு சில சமயம் அப்படித் துள்ளும், கண்ணு. அதை வெச்சு ஆசையை வளர்த்துக்காத. அப்புறம் நீதான் கஷ்டப்படுவ."

ஆனால் ரோண்டா இருக்கும்போது அந்தக் கை அசையவே அசையாது. மார்லிஸ் தனியாக வந்தால்தான் போர்வைக்குள் நெளியும்.

லோவெல் இடது கையால் பொம்மையைக் கட்டிலிலிருந்து தள்ளிவிட ஆரம்பித்தான். அவள் எடுத்து வைப்பாள். அவன் மறுபடி தள்ளுவான். தள்ளிவிட்டு, அந்தத் தோளைச் சுட்டிக்காட்டி அவளைப் பார்ப்பான். அவன் என்ன கேட்கிறான் என்பது மார்லிஸுக்குப் புரிந்தது. புரியாதது போல இருந்தாள்.

ஆர்லீனுக்குப் போன் செய்து, தம்பி எப்படிப்பட்டவர் என்று மட்டும் கேட்டாள்.

"பாவம், தனியா இருக்கவே பயம்," என்றாள் ஆர்லீன். "பார்க்கப் போறவங்க கையைப் பிடிச்சுகிட்டு, மணிக்கட்டைக் கட்டைவிரலால தேய்ச்சுகிட்டே இருப்பான். லேசுல விடமாட்டான். அதனாலதான் நானே போறதைக் குறைச்சுகிட்டேன்." பிறகு தணிந்த குரலில், "ஏன் கேக்குறீங்க?" என்றாள்.

மார்லிஸ் போனை வைத்தாள்.

அன்றே அந்தக் கையைப் பிடுங்கிவிடுவது என்று பொம்மையை எடுத்தாள். தோளில் விரல் வைத்து அழுத்தினாள். லோவெலின் கண்களில் நன்றி தெரிந்தது.

அப்போது வலது கை வந்து அவள் மணிக்கட்டைப் பற்றியது. இறுக்கவில்லை. கெஞ்சுவது போலத் தடவியது.

கோடைக்குப் பிறகு அவளை யாரும் அப்படித் தொட்டதில்லை.

பொம்மையைத் திரும்பவும் அலமாரியில் வைத்தாள். லோவெல் கண்ணை மூடிக்கொண்டான். அதன் பிறகு அவளைப் பார்க்கவே இல்லை. காலையில் அவள் நெற்றியைத் தடவி, போகலாம் என்று சொல்லும்போதுகூட முகத்தைச் சுவர் பக்கம் வைத்துக்கொண்டான்.

அந்த வாரக் கடைசியில் ஒரு வெளிச்சமான மத்தியானம். வெளியே பனியில் வெயில் பட்டுக் கண் கூசியது. லோவெலின் மூச்சு நீண்டு, இடைவெளி விட்டு, மறுபடி வந்து, பிறகு வராமலே போனது. ரோண்டா கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தாள். நெஞ்சில் காதுக் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டாள். அவன் கண்களை மூடிவிட்டாள்.

"போயிட்டார், கண்ணு. நிம்மதியாப் போயிட்டார். நீ உட்காரு, நான் போன் பண்ணிட்டு வரேன்."

அவள் சமையலறைக்குப் போனாள். தாழ்ந்த குரலில் யாரிடமோ பேசுவது கேட்டது.

மார்லிஸ் அவனுடைய இடது கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். குளிர ஆரம்பித்திருந்தது. ஒரு தடவை திரும்பிப் பார் என்று முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். உதடு வெளுத்திருந்தது. சந்தையில் அவளைக் கண்டித்த அந்த வாலிபன் எங்கேயும் இல்லை. கோபமாகவே போய்விட்டான்.

புதினா வாசனை வந்தது.

போர்வை அசைந்தது.

அவள் எழுந்து ஓடியிருக்கலாம். நர்ஸைக் கூப்பிட்டிருக்கலாம். இரண்டும் செய்யாமல், போர்வைக்குள்ளிருந்து ஊர்ந்து வரும் அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

விரல்கள் விரிப்பின் மேல் தடவித் தடவித் தேடின. அவள் மணிக்கட்டைக் கண்டுபிடித்தன.

சூடாக இருந்தன.

கட்டைவிரல் வட்டம் போட ஆரம்பித்தது. சமையலறையில் ரோண்டா போனை வைக்கும் சத்தம் கேட்டது. மார்லிஸ் போர்வையை இழுத்து அந்தக் கையையும் தன் கையையும் சேர்த்து மூடினாள். இத்தனை நாள் தொண்டையில் நின்ற சொல் தானாக வெளியே வந்தது.

"போகாத," என்றாள் மார்லிஸ். "நீயாவது என்னை விட்டுப் போகாத."