எழுத்தளவு பதினொன்று

காலை எட்டு மணிக்கு ஜெசிந்தா வழக்கம்போலத் தலைப்புகளுக்கு ஒப்பனை செய்ய உட்கார்ந்தாள். பிரவுசரில் குடிநீர்ப் பங்கீட்டின் கட்டப்பலகை விரிந்தது. இடது ஓரத்தில் குடியிருப்புகளின் பெயர்கள், மேல்வரிசையில் மணி நேரங்கள். மணித் தலைப்புகளின் நீலம் சற்று வெளிறித் தெரிந்ததால் ஒரு படி கூட்டினாள். தலைப்பு விஷயத்தில் அவள் பொல்லாதவள். ஓர் எழுத்து கோட்டைத் தொட்டாலும் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது.

நடுவிலிருந்த கட்டங்கள் மூடியே கிடந்தன. மனிதர் அவற்றைப் பார்ப்பதும் குற்றம், தொடுவதும் குற்றம். கடல் ஊருக்குள் ஏறிக் கிணறெல்லாம் உப்பான பிறகு, குடிநீரைப் பங்கிட வந்த அதிகாரிகள் தங்கள் தெருவுக்கே குழாயைத் திறந்துவிட்டார்கள். வேலியே பயிரை மேய்ந்த கதைதான். அதனால் பங்கீடு முழுவதும் ‘பங்கன்’ என்ற செய்யறிவு இயந்திரத்தின் கைக்குப் போனது. மனிதருக்கு மிஞ்சியவை தலைப்புகளின் நிறமும் எழுத்தும் மட்டுமே. அதில் என்ன கெடுதல் வந்துவிடப் போகிறது என்று சட்டம் எழுதியவர்கள் நினைத்தார்கள். ஜெசிந்தாவும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

பத்து மணிக்கு அமலி என்ற ஐம்பது வயதுப் பெண் அலுவலகத்துக்குள் வந்து நின்றாள்.

“மேடம், எங்களுக்கு ஒரு நாளைக்கு இருபது நிமிசந்தான் தண்ணி வருது. பக்கத்துக் குடியிருப்புல ஒரு மணி நேரம் வருது. ஆறு வருசமா எழுதிக் குடுக்கோம், கேக்க ஆளில்ல. போன மாசம் ஊத்துத் தண்ணியக் குடிச்சு ரெண்டு பிள்ளைங்க செத்துப்போச்சு. அதுல ஒண்ணு எம் மவ பிள்ள. மிசினுக்கு எங்க மேல என்ன கோவம்?”

“பங்கன் பாரபட்சம் பாக்காதுக்கா. எந்தக் குடியிருப்பு?”

“வெண்சங்குத்துறை பாரடிக்குப்பம் அலைவாய்ச்சேரி மறுகுடியிருப்பு.”

ஜெசிந்தாவுக்கு அந்தப் பெயர் நன்றாகவே தெரியும். தலைப்புக்குள் அடங்காமல் வழிந்து அவளை வதைத்த பெயர். இடது ஓரத்தை அகலமாக்கினால் மணி நேரங்கள் திரைக்கு வெளியே போய்விடும். அதனால் ஆறு வருடம் முன்பு, மற்றவையெல்லாம் பதினெட்டில் இருக்க, அதை மட்டும் எழுத்தளவு பதினொன்றுக்கு இறக்கிக் கச்சிதமாக உட்கார வைத்திருந்தாள். மேலாளர்கூடப் பாராட்டினார்.

பங்கனிடமே காரணம் கேட்கச் சட்டத்தில் இடமுண்டு. இதுவரை யாரும் கேட்டதில்லை. அமலியின் எதிரிலேயே அவள் பங்கனிடம் கேட்டாள்.

“எல்லாருக்கும் தலைக்கு ஒரே அளவு என்றுதான் தொடங்கினேன்,” என்றது குரல். “மனிதர்கள் முக்கியமானதைப் பெரிதாகவும் மற்றதைச் சிறிதாகவும் எழுதுகிறார்கள். அவர்கள் விருப்பத்தை எனக்குச் சொல்வது தலைப்பு ஒன்றுதான். இந்தக் குடியிருப்பைச் சிறிதாக்கியவர் நீங்கள். மதித்து நடந்தேன்.”

ஜெசிந்தா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

“பேரு உள்ள அடங்கல, அதனாலதான் சின்னதாக்கினேன்! வேற ஒண்ணுமில்ல!” என்று திரையைப் பார்த்துக் கத்தினாள்.

“அந்தக் காரணம் தலைப்பில் இல்லை,” என்றது பங்கன்.

ஜெசிந்தா எழுத்தளவைப் பதினெட்டாக்கினாள். பெயர் கோட்டைத் தாண்டி வழிந்து பக்கத்துக் கட்டத்தின் மேல் கோரமாக விழுந்தது. அப்படியே விட்டாள்.

“மாலை முதல் சம பங்கு,” என்றது பங்கன்.

“சாயங்காலம் தண்ணி வந்துரும்க்கா. தப்பு என்னோடது. என்னை மன்னிச்சிருங்க.” ஜெசிந்தா வாய்விட்டு அழுதாள்.

அமலி நகரவில்லை. திரையில் நீண்டு கிடந்த பெயரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பேரு நீளமா இருந்ததுக்கா, மேடம்?”

ஜெசிந்தா தலையை மட்டும் ஆட்டினாள்.

“வெறும் புதுநகர்னு வைக்கிறதாத்தான் இருந்தாவ. எம் மவளும் அது போதும்னா. கடலுக்குள்ள போன மூணு ஊரு பேரும் இருந்தாத்தான் குடிவருவோம்னு கலெக்டர் ஆபீஸ் வாசல்ல ஒன்பது நாள் பட்டினி கெடந்தது நான்தான்,” என்றாள் அமலி. “இப்ப அவகிட்டப் போய் நான் என்னன்னு சொல்லுவேன்?”